அடைத்ததா, தூர்ந்ததா, உடைந்ததா: எந்த வினைச்சொல்லை எழுதுவது?

தமிழில் வாக்கியம் பெரும்பாலும் வினைச்சொல்லில்தான் முடிகிறது. யார், எங்கே, எப்போது என்று வாசித்துக்கொண்டு வருகிறவர், என்னதான் நடந்தது என்று அறியக் கடைசிச் சொல்வரை காத்திருக்கிறார். அங்கே 'மேற்கொள்ளப்பட்டது' என்றோ 'இடம்பெற்றது' என்றோ முடித்துவிட்டால் அவர் காத்திருந்தது வீண்.

கொழும்பில் தமிழில் எழுதுகிறவர்கள் பல வகை. மாநகர சபைக்கு முறைப்பாடு எழுதுகிறவர், அலுவலகத்தில் சுற்றறிக்கை மொழிபெயர்க்கிறவர், பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவர், தொடர்மாடியின் மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டுகிறவர். எல்லோருக்கும் முன்னால் இருப்பவை ஏறக்குறைய ஒரே நான்கு வழிகள். 'விசாரித்தார்' என்று நேரடியாக எழுதலாம். 'விசாரணை மேற்கொண்டார்' என்று ஒரு பெயரையும் ஒரு பொதுவினையையும் சேர்க்கலாம். 'விசாரிக்கப்பட்டது' என்று செயப்பாட்டில் முடிக்கலாம். 'இன்குவயரி பண்ணினார்' என்று, வாயில் வருவதை அப்படியே எழுதலாம்.

இவற்றில் எதை எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி. பொதுவாக நேரடி வினையே நல்லது என்பது என் முடிவு. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. நமக்கு உறுதியாகத் தெரிந்தது எதுவரையோ அதுவரைதான் வினை துல்லியமாக இருக்கலாம். தெரியாததையும் தெரிந்ததுபோல் காட்டும் வினை, மங்கலான வினையைவிடக் கெடுதல் செய்யும்.

முதலில் ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தைப் பார்ப்போம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. மழை வந்தால் வடிகானிலிருந்து தண்ணீர் மேலே வருகிறது. மாநகர சபைக்கு எழுத வேண்டும். பெரும்பாலும் கடிதம் இப்படித்தான் அமைகிறது:

“எமது ஒழுங்கையில் வடிகான் தொடர்பில் பிரச்சினை ஏற்பட்டுள்ளது. இதனால் மக்கள் பல்வேறு அசௌகரியங்களுக்கு முகங்கொடுத்து வருகின்றனர். இது தொடர்பில் உரிய நடவடிக்கை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.”

இலக்கணப் பிழை இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் ஏற்பட்டுள்ளது, முகங்கொடுத்து, மேற்கொள்ளுமாறு என்ற மூன்று வினைகளில் ஒன்றுகூட வடிகானைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இதே கடிதத்தில் 'வடிகான்' என்பதை எடுத்துவிட்டு 'தெருவிளக்கு' என்று போட்டாலும் மற்றச் சொற்களை மாற்ற வேண்டியதில்லை. வாசிக்கும் உத்தியோகத்தர் யாரை அனுப்புவார்? என்ன கொடுத்து அனுப்புவார்?

வடிகானுக்கு என்ன நேரலாம் என்று தமிழிடம் கேட்டால், அது ஒவ்வொன்றுக்கும் தனி வினை வைத்திருக்கிறது. வடிகான் அடைத்துக்கொண்டது என்றால் பிளாஸ்டிக் போத்தலோ குப்பைப் பையோ மறித்திருக்கிறது, இரண்டு பேர் வந்து இழுத்து எடுத்தால் போதும். தூர்ந்துவிட்டது என்றால் மண் படிந்து ஆழமே குறைந்துவிட்டது, மண்வெட்டியும் அள்ளிய மண்ணை ஏற்ற லொறியும் வேண்டும். உடைந்தது என்றால் மேசனும் சீமெந்தும் வேண்டும். தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் வாட்டம் சரியில்லாமல் இருக்கலாம், கூட்டித் துப்புரவு செய்து பயனில்லை. தண்ணீர் எதிர்த்து ஏறுகிறது என்றால் அது போய் விழும் கால்வாயின் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் பொறுப்பான இடமே மாறலாம். ஏனென்றால் நகரின் பெரிய கால்வாய்களைப் பராமரிப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம்.

ஆகவே கடிதத்தை இப்படி எழுதலாம்:

“எமது ஒழுங்கையின் வடிகான் மண் படிந்து தூர்ந்துவிட்டது. கொஞ்சம் பலமாக மழை பெய்தாலே கழிவுநீர் வழிந்து கீழ்மாடி வீடுகளுக்குள் ஏறுகிறது. 14ஆம் இலக்க வீட்டுக்கு முன்னால் மூடி உடைந்திருக்கிறது. மண்ணை அள்ளி, மூடியை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

நீளம் ஏறத்தாழ அதேதான். ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வேலையைத் தொடங்கலாம். 'நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது' என்ற பதிலோடு விடயம் முடிந்துவிடவும் முடியாது. மண்ணை அள்ளினார்களா இல்லையா என்று எவரும் எட்டிப் பார்த்துச் சொல்லலாம். இரண்டாவது கடிதத்தை எழுதும் நேரத்தில் இது பெரிய உதவி.

சரி, மூடியைத் திறந்து நீங்கள் பார்க்கவே இல்லை என்றால்? தூர்ந்ததா அடைத்ததா என்று தெரியாது. அப்போது 'தூர்ந்துவிட்டது' என்று எழுதினால் மண்வெட்டியோடு ஆட்கள் வந்து, பிளாஸ்டிக்கைக் கண்டு திரும்பிப் போவார்கள். உங்களுக்குத் தெரிந்தது தண்ணீர் ஓடவில்லை என்பது மட்டும். 'தண்ணீர் ஓடவில்லை, மழை பெய்தால் வழிகிறது' என்று எழுதுங்கள். அது பொதுவான வினைதான். ஆனால் நீங்கள் கண்ணால் கண்ட வினை.

பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த விண்ணப்பத்தில் வினைச்சொல்லுக்கு இன்னும் பொறுப்பு அதிகம். 'இது குறித்து விளக்கமளிக்கவும்' என்று கேட்டால் ஒரு பந்தி விளக்கம் வரும். அதில் நீங்கள் தேடிய தகவல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 'இந்த ஒழுங்கையின் வடிகானைத் துப்புரவு செய்த திகதிகளைக் காட்டும் பதிவேட்டின் உறுதிப்படுத்திய பிரதியைத் தாருங்கள்' என்றால் ஒரு தாள் வர வேண்டும், அல்லது அப்படி ஒரு தாள் இல்லை என்று எழுத்தில் வர வேண்டும். ஆவணத்தைப் பார்வையிடலாம், அதிலிருந்து குறிப்பெடுக்கலாம், பிரதி பெறலாம். மூன்றும் வெவ்வேறு செயல்கள். எது வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டியது கேட்பவர்தான்.

இனி 'மேற்கொள்' பக்கம் வருவோம். மேற்கொள், முன்னெடு, இடம்பெறு, ஏற்படு என்ற நான்கும் நமது அலுவலகத் தமிழில் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொன்னது 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில்தான். கொழும்பின் திணைக்களங்களில் தமிழ்க் கடிதமும் தமிழ்ச் சுற்றறிக்கையும் பெரும்பாலும் வேறொரு மொழியில் எழுதியதன் மொழிபெயர்ப்பாகவே பிறந்தன, இன்றும் பிறக்கின்றன. மூலத்தில் ஒரு பெயர்ச்சொல் இருந்தால் கலைச்சொல் தொகுதியில் அதற்கு ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல் கிடைக்கும். பிறகு வாக்கியத்தை முடிக்க ஒரு வினை வேண்டும். அவசரத்தில் கைக்கு வருவது 'மேற்கொள்'. மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாலைக்குள் முடிக்க வேண்டிய பக்கங்கள் அவர் மேசையில் குவிந்திருக்கின்றன. ஆனால் அந்த நடையை, மொழிபெயர்க்கத் தேவையே இல்லாத நாமும் பழகிவிட்டோம் என்பதுதான் கவலை.

இதனால் எதை இழக்கிறோம் என்பதை நன்னூல் அழகாகச் சொல்கிறது. “செய்பவன் கருவி நிலம் செயல் காலம் செய்பொருள் ஆறும் தருவது வினையே.” செய்தவர், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள் என்ற ஆறையும் உணர்த்துவது வினை. 'நறுக்கினாள்' என்று சொல்லிப் பாருங்கள். செய்தவள் ஒரு பெண், காலம் இறந்தகாலம், கருவி கத்தி, பொருள் காய்கறியோ வெங்காயமோ என்று ஒரே சொல்லில் எவ்வளவு வந்துவிடுகிறது! 'வெட்டினாள்', 'அரிந்தாள்', 'சீவினாள்', 'கொத்தினாள்' ஒவ்வொன்றும் வேறு கை அசைவு. ஆமர் வீதிக் கடையில் ரொட்டியைக் கொத்துகிறவர் 'ரொட்டி வெட்டும் பணியை மேற்கொள்கிறார்' என்று எவரும் சொல்லமாட்டார்கள். சமையலைப் பற்றிப் பேசும்போது நமது தமிழ் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது. இடியப்பத்தைப் பிழிகிறோம், பிறகு அவிக்கிறோம். அப்பத்தைச் சுடுகிறோம், கத்தரிக்காயைப் பொரிக்கிறோம், மிளகாயை வறுக்கிறோம். அதே ஆள் அலுவலகக் கதிரையில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் 'மேற்கொள்ள' வேண்டியதில்லை.

'குழுவினர் அப்பகுதியில் ஆய்வு மேற்கொண்டனர்' என்ற வாக்கியத்தை எடுங்கள். வீடுகளை எண்ணினார்களா? நீரின் உயரத்தை அளந்தார்களா? மக்களிடம் விசாரித்தார்களா? வாகனத்திலிருந்து இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்களா? நான்கும் 'ஆய்வு' என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்ளலாம். எழுதுகிறவருக்கு எது என்று தெரிந்திருந்தால் அதையே எழுத வேண்டும். தெரியாவிட்டால் குழுவினரைக் கேட்க வேண்டும். நல்ல வினையைத் தேடப் போகும்போது, விடயமே நமக்குச் சரியாகத் தெரியாது என்பது பல வேளைகளில் அங்கேதான் வெளிப்படும். இந்த ஒரு காரணத்துக்காகவே நேரடி வினையை நான் விரும்புகிறேன்.

பெயரும் வினையும் சேர்ந்த வடிவம் எங்கும் கூடாது என்று சொல்லமாட்டேன். மேன்முறையீடு செய்தார், கையொப்பமிட்டார், சத்தியப்பிரமாணம் செய்தார் போன்றவை சட்டத்தில் ஒரே ஒரு பொருளுக்குரியவை. அவற்றைப் பிரித்து எளிமையாக்கப் போனால் பொருள் நழுவிவிடும். 'மேன்முறையீடு செய்தார்' என்பதை 'மறுபடியும் முறையிட்டார்' என்று எழுதுவது எளிமை அல்ல, பிழை.

பொலிஸ் முறைப்பாட்டிலும் இதே அவதானம் வேண்டும். கைப்பை தொலைந்தது, கைப்பையைத் தவறவிட்டேன், கைப்பையைக் களவெடுத்துவிட்டார்கள், கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். இந்த நான்கில் கடைசி இரண்டும் குற்றச் செயல்கள், முதல் இரண்டும் அல்ல. களவும் கொள்ளையும் நமது தண்டனைச் சட்டக்கோவையில் தனித்தனிக் குற்றங்கள். புறக்கோட்டை நெரிசலில் பை எப்போது போனது என்றே தெரியவில்லை என்றால் 'பறித்தான்' என்று எழுதக் கூடாது. உண்மையில் கையிலிருந்து இழுத்துப் பறித்திருந்தால், 'கைப்பை காணாமல் போனது' என்று எழுதி விடயத்தைச் சிறிதாக்கவும் கூடாது.

செயப்பாட்டு வினையைப் பற்றி எழுத்துப் பயிற்சி கொடுப்பவர்கள் பொதுவாக ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: தவிர்த்துவிடு. பெரும்பாலும் சரியான அறிவுரைதான். 'கோப்பு தவறவிடப்பட்டுள்ளது' என்றால் தவறவிட்டவர் வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறார். 'கோப்பைத் தவறவிட்டுவிட்டோம்' என்றால் அங்கே ஒரு மனிதர் நிற்கிறார், அவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்கலாம். தமிழில் 'விட்டோம்', 'விட்டார்', 'விட்டனர்' என்ற விகுதியே ஆளைக் காட்டும் என்பதால், செயப்பாட்டுக்குப் போகும்போது நாம் இழப்பது கொஞ்சமல்ல.

ஆனால் இந்த நாட்டுத் தமிழில், அந்த அறிவுரையை அப்படியே ஏற்க முடியாத ஓர் இடம் இருக்கிறது.

காணாமல் போனவர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்கள்.

2016இல் நாடாளுமன்றம் 14ஆம் இலக்கச் சட்டத்தின்மூலம் அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் 'காணாமற்போன ஆட்கள்' என்று இருக்கிறது. படங்களை ஏந்தி வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாரின் பதாகைகளில் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று இருக்கிறது. 'போ' தன்வினை. சாவியும் போகும், குடையும் போகும், வழிதவறிய பிள்ளையும் போகும். அங்கே செய்தவர் என்று ஒருவர் தேவையில்லை. 'ஆக்கு' பிறவினை. ஒருவர் ஆக்காமல் எதுவும் ஆகாது. அதைச் செயப்பாட்டில் வைத்து 'ஆக்கப்பட்டார்' என்னும்போது, செய்தவரின் பெயர் சொல்லப்படவில்லை, ஆனால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லப்பட்டுவிடுகிறது. பெயர் தெரியாத நிலையில், செய்தவர் உண்டு என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல இதைவிட நேர்மையான வினை தமிழில் இல்லை. போரின் முடிவில் கணவரைத் தன் கையால் இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்த ஒரு பெண்ணிடம் 'உங்கள் கணவர் காணாமல் போனது எப்போது' என்று படிவம் கேட்கும்போது, அந்த 'போனது' அவர் சொல்லவந்த கதையையே மாற்றி எழுதிவிடுகிறது. தொகுப்பறிக்கை எழுதுகிற இளையவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுத வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதற்காக ஒவ்வொருவருக்கும் 'ஆக்கப்பட்டார்' என்று எழுதவும் முடியாது. கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர் காணாமல் போனவர்தான். தெரிந்தது என்ன என்பதையே இங்கும் பார்க்க வேண்டும்.

மரணத்தைச் சொல்லும் வினைகளும் அப்படியே. காலமானார், இறந்தார், உயிரிழந்தார், பலியானார், கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் வழிபட வந்தவர்கள் குண்டுத் தாக்குதலில் 'உயிரிழந்தனர்' என்பது பொய்யல்ல. ஆனால் அவர்கள் கொல்லப்பட்டார்கள். செய்தியில் முதல் நிமிடம், என்ன வெடித்தது என்றே தெரியாத நேரத்தில் 'உயிரிழந்தனர்' சரி. தெரிந்த பிறகும் அதிலேயே நிற்பது சரியல்ல.

செய்தியைத் தொட்டதால் இன்னொன்று. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் கொழும்பில் தொடங்கின. அன்றிலிருந்து இந்த நகரம் அச்சிடும் செய்தித் தமிழ் தீவு முழுவதும் போகிறது. இங்கே ஒரு வினை வழக்கமானால் எல்லா ஊரிலும் வழக்கமாகிவிடும். ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும் வினைகளில்தான் நான் மற்ற இடங்களுக்கு நேர்மாறாகச் சொல்வேன்: இங்கே பொதுவினையே மேல். 'டெங்கு நோயாளரின் தொகை குறைந்துவிட்டது என்று அதிகாரி கூறினார்' என்றால் அது அவர் கூற்று. 'சுட்டிக்காட்டினார்' என்றால், குறைந்தது உண்மை, அதை அவர் காட்டினார் என்று செய்தியாளரும் சேர்ந்து சாட்சி சொல்கிறார். 'ஒப்புக்கொண்டார்' என்றால் இதுவரை மறைத்தார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். 'மழுப்பினார்' என்றால் தீர்ப்பே எழுதியாகிவிட்டது. இவை எல்லாம் துல்லியமான வினைகள்தான். ஆனால் அந்தத் துல்லியத்துக்குச் சான்று வேண்டும். சான்று இல்லாத இடத்தில் 'சொன்னார்', 'கூறினார்' என்று பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப வந்தாலும் பரவாயில்லை. ஒரே சொல் மறுபடி வருகிறதே என்று கூச்சப்பட்டு 'வலியுறுத்தினார்', 'குறிப்பிட்டார்', 'எடுத்துரைத்தார்' என்று சுழற்றுவதால்தான் பாதிப் பிழைகள் நுழைகின்றன. நேற்றுச் சொன்னதை 'தெரிவித்திருந்தார்' என்று எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அதற்குப் பிறகு வேறொன்று நடந்தால்தான் அந்த 'இருந்தார்' தேவை.

'பண்ணு' வழியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. துல்லியம் வேறு, தூய்மை வேறு. 'ஃபோனுக்கு ரீலோட் பண்ணுங்கள்' என்பது கொழும்பில் எல்லோருக்கும் ஒரே செயலைக் காட்டுகிறது. அதற்குப் புதிதாக ஒரு தமிழ்ச்சொல்லை ஆக்கி, வாசகர் இரண்டு முறை படிக்க வைத்தால் தெளிவு குறைந்துவிட்டது. ஆனால் 'ரெஜிஸ்டர் பண்ணுங்கள்' என்ற இடத்தில் 'பதியுங்கள்' இருக்கிறது, 'கான்சல் பண்ணினோம்' என்ற இடத்தில் 'இரத்துச் செய்தோம்' இருக்கிறது. இவை எல்லோருக்கும் விளங்கும், எழுத்திலும் நிற்கும். வாட்ஸ்அப் குழுவில் எது எழுதினாலும் சரி, அறிவித்தல் பலகையில் இவற்றையே எடுக்கலாம்.

கடைசியாக, கொழும்புக்கே உரிய ஒரு சிக்கல். இங்கே ஒரே அறிவித்தலை யாழ்ப்பாணத்தவரும் மலையகத்தவரும் மட்டக்களப்பாரும் முஸ்லிம்களும் வாசிக்கிறார்கள். எழுதுகிறவர் ஊரில் துல்லியமாக இருக்கும் வினை, வாசிக்கிறவர் ஊரில் வேறாகிவிடலாம். 'அதிபர் மாணவனைப் பேசினார்' என்றால் யாழ்ப்பாணத்து வீட்டில் அது ஏச்சு. மலையகத்துக் குடும்பம் ஒன்று அதை ஏதோ உரையாடல் என்று எண்ணக்கூடும். 'கதைத்தார்' என்றால் இலங்கையில் யாருக்கும் விளங்கும். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு அது கொஞ்சம் அந்நியம். 'வெளிக்கிடுங்கள்' என்பதை வடக்கில் பிறந்தவர் புறப்படு என்றும், உடுத்து ஆயத்தமாகு என்றும் இடம் பார்த்து எடுத்துக்கொள்வார், மற்றவர் திகைப்பார். கதையிலும் கடிதத்திலும் ஊர்வினையை விட்டுக்கொடுக்கவே கூடாது, அதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. பாடசாலை பெற்றோருக்கு அனுப்பும் தாள் என்றால் நிலைமை வேறு. நடந்தது உரையாடல் என்றால் 'மாணவனோடு கதைத்தார்', நடந்தது கண்டிப்பு என்றால் 'மாணவனைக் கண்டித்தார்'. இந்த இரண்டையும் எந்த ஊர்ப் பெற்றோரும் மாற்றி விளங்கிக்கொள்ள மாட்டார்கள்.